‘இயலாது’ என்று கூறுதல் பாவமாகுமா?

வெஸ்ட் ஈலிங் புகையிரத நிலையத்தில் இறங்கி அக்ஸ்பிரிட்ஜ் வீதிப் பக்கம் நடப்போர், தமிழ்ப் பெயர்ப்பலகை தாங்கிய கடைகளையும், அவற்றிலிருந்து மரக்கறிப் பைகளோடு விரைந்து வெளிவரும் எம் பெண்களையும் காணாமற் செல்ல முடியாது. அவர்களுட் பலருக்கு அன்றைய பொழுது இன்னும் முடியவில்லை. காலையில் ஓரிடத்தில் துப்புரவு வேலை. பிற்பகலில் வேறோரிடத்தில் காசாளர் வேலை. இடையிலே பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து அழைத்துவர வேண்டும். வீடு திரும்பினால் ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு. தம்பியின் பயண முகவருக்குக் கொடுக்கவேண்டிய மீதிக் காசு, தங்கையின் சீதனம், கோயிற் திருப்பணி, மாமியாரின் மருந்து என்று கேள்விகள் வரிசையாய் வருகின்றன. கணவரின் உறவினர் ஒருவர் வந்து மூன்று மாதமாக முன்னறையிலே தங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்துக்கு நாற்பது பேருக்குச் சிற்றுண்டி செய்து தரும்படி திருச்சபையிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

இக்கேள்விகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து நோக்கினால் நியாயமானவையே. அவை யாவும் ஒருத்தியின் தோளிலே வந்து குவிவதுதான் நியாயமன்று. ஆயினும், அவற்றுள் ஒன்றுக்கேனும் ‘என்னால் இயலாது’ என்று அவள் கூறிவிட்டால், அன்றிரவு உறக்கம் வருவதில்லை. தான் சுயநலக்காரியோ, நன்றி மறந்தவளோ, கடவுளுக்குப் பிழை செய்துவிட்டோமோ என்ற குற்ற உணர்வு அவளை வாட்டுகின்றது. இக்குற்ற உணர்வுக்குக் கிறிஸ்தவ மறையிலே உண்மையான ஆதாரம் உண்டா என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம். கிறிஸ்தவர் அல்லாத வாசகியரும் இதனைத் தம்முடையதாகக் கொள்ளலாம். கனகதுர்க்கை அம்மன் ஆலயம் அமைந்திருக்கும் வெஸ்ட் ஈலிங் தெருவுக்கே ‘சப்பல் றோட்’, அதாவது கிறிஸ்தவ செபக்கூடத்தின் தெரு என்றுதான் பெயர். சைவரும் கிறிஸ்தவரும் ஒரே தெருவிலே நடக்கும் எமது வாழ்வில், இச்சுமையும் இரு சாராருக்கும் பொதுவானதே.

குற்ற உணர்வின் வேர்

அகதி வாழ்விலே குற்ற உணர்வு பெண்ணை மட்டும் பற்றுவதன்று. தப்பி வந்தவர் யாவருக்கும், தப்பாமல் ஊரில் நின்றவர்களை எண்ணும்போது ஒரு கடன் நெஞ்சில் நிற்கிறது. 2009இல் போர் முடிவடைந்த பின்னரும் அக்கடன் தீர்ந்ததாக எவரும் உணரவில்லை. 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, புலம்பெயர்ந்தோரை நோக்கிய கேள்விகள் இன்னும் பெருகின. இங்கோ, புகலிடக் கோரிக்கைக்குத் தீர்ப்பு வராத ஒருவர் பொதுவாகத் தொழில் செய்ய அனுமதிக்கப்படுவதில்லை. தானே சமைத்துண்ணும் இடத்தில் தங்கவைக்கப்பட்டவருக்கு 2024 ஜனவரியில் வகுக்கப்பட்ட வாராந்த உதவித்தொகை 49.18 பவுண் மாத்திரமே. ஊரிலிருந்து கேட்பவர் இக்கணக்கை அறியார். அறியத் தருவதற்கு எமக்கும் வெட்கம் இடங்கொடுப்பதில்லை.

பெண்ணுக்கோ இவ்வெட்கத்தின் மேல் இன்னொரு பாரமும் ஏற்றப்படுகிறது. பொறுமையே பெண்ணுக்கு அழகு என்று வீடு சொல்கிறது. சிலுவையைச் சுமப்பதே விசுவாசிக்கு அழகு என்று பிரசங்க பீடம் சொல்கிறது. இரண்டும் ஒன்றாய்க் கலக்கும்போது, பிறர் இறக்கிவைக்கும் எந்தச் சுமையும் கடவுள் தந்த சிலுவை போலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. பிழை பிறப்பது இவ்விடத்திலேதான். சுவிசேஷங்களில் இயேசு தம் சிலுவையைத் தாமே மனமுவந்து ஏற்றார். அதற்கு முன்னர், மக்கள் தம்மீது ஏற்ற விரும்பிய எத்தனையோ வேலைகளை அவர் ஏற்க மறுத்தார்.

வேதாகமம் கூறுவது யாது?

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கப்பர்நகூமிலே மாலை முழுவதும் நோயாளரைக் குணமாக்கிய இயேசு, மறுநாள் விடியுமுன் இருட்டோடு எழுந்து, தனிமையான இடத்துக்குச் சென்று செபிக்கிறார். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று பேதுரு வந்து அழைக்கிறார். அந்த அழைப்பு உண்மையானது. தேடியவர்களின் துன்பமும் உண்மையானது. ஆயினும் அவர் அவ்வூருக்குத் திரும்பவில்லை. தாம் வந்த நோக்கத்தைச் சொல்லி அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டுவிடுகிறார். அவரை அன்பில்லாதவர் என்று எவரும் கூறத் துணியார்.

யாத்திராகமத்தின் பதினெட்டாம் அதிகாரத்திலே மோசே காலை தொட்டு மாலை வரை தனியொருவராக மக்களின் வழக்குகளைத் தீர்க்கிறார். மாமனார் எத்திரோ அதனைக் கண்டு புகழவில்லை. இவ்வாறு செய்தால் நீயும் களைத்துப்போவாய், உன்னிடம் வரும் மக்களும் களைத்துப்போவர் என்று கண்டித்து, வேலையைப் பிறரோடு பகிரச் செய்கிறார். எலியா தீர்க்கதரிசி சாவை விரும்பும் அளவுக்குச் சோர்ந்து பாலைவனத்துச் செடியின் கீழே விழுந்தபோது, தேவதூதன் முதலிற் கொடுத்தது உபதேசமன்று, அப்பமும் தண்ணீரும். அவர் உண்டு, உறங்கி, மறுபடியும் உண்ட பின்னரே பயணம் தொடர்கிறது.

ஓய்வுநாட் கட்டளைக்கு உபாகமம் கூறும் காரணம் அகதிகளாகிய நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நீங்கள் எகிப்திலே அடிமைகளாய் இருந்தீர்கள், மீட்கப்பட்டீர்கள், ஆகவே நீங்களும், உங்கள் வேலைக்காரனும் வேலைக்காரியும், உங்கள் வீட்டில் தங்கிய அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்பதே அதன் கருத்து. இவ்விடத்தில் ஓய்வு சோம்பலுக்கு அடையாளமாகக் கூறப்படவில்லை. இனி அடிமை இல்லை என்பதற்கு அடையாளமாகவே கூறப்படுகிறது. ஏழு நாளும் ஓயாத ஒரு பெண்ணைத் தியாகி என்று பாராட்டும் வீடு, அவ்வளவில் இக்கட்டளையை மீறும் வீடாகின்றது.

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்திலே பவுல் முதலில், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவேண்டும் என்கிறார். மூன்று வசனம் கடந்ததும், அவரவர் தம் சுமையைத் தாமே சுமக்கவேண்டும் என்கிறார். இது முரண்பாடு போலத் தோன்றும். கிரேக்க மூலத்திலே முன்னையதற்குப் ‘பாரொஸ்’ என்ற சொல்லும், பின்னையதற்குப் ‘போர்த்தியோன்’ என்ற சொல்லும் வழங்கப்பட்டுள்ளன. முதலாவது, ஒருவரை அழுத்தி வீழ்த்தும் பாரம். இரண்டாவது, ஒவ்வொருவரும் தம் பயணத்துக்கென எடுத்துச்செல்லும் மூட்டை போன்றது. நோய், சாவு, சிறை, எரிந்த வீடு ஆகியவை முதல்வகை. அங்கே ஓடிச்சென்று தோள்கொடுத்தல் கடமை. உடல்வலுவுள்ள இளைஞன் ஒருவன் தன் அன்றாடச் செலவுக்கு அக்காளையே நம்பியிருப்பது இரண்டாம்வகை. அவன் மூட்டையை அவள் சுமப்பது உதவியுமாகாது. அவன் வளர்ச்சிக்குத் தடையுமாகும்.

கொடுப்பதைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, மனவருத்தத்தோடோ கட்டாயத்தின் பேரிலோ எவரும் கொடுக்கவேண்டாம், கடவுள் விரும்புவது மகிழ்ந்து கொடுப்பவரையே என்ற பொருள்பட அதே பவுல் கூறுகிறார். ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை இல்லாதவளிடம் வாங்கும் ‘ஆம்’ கொடையாகாது. வரி வசூலிப்பாகவே அமையும்.

வான்ரேஜ் மடத்தில் ஓர் இந்தியப் பெண்

இவை யாவும் ஏட்டிலே சரி, எம்மைப் போன்று பிறர் தயவில் வாழும் பெண்ணுக்கு இயலுமா என்று வாசகியர் கேட்கலாம். இயலும் என்பதற்கு இந்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. வெஸ்ட் ஈலிங் நிலையத்தை ஊடறுத்து மேற்கே ஓடும் புகையிரதப் பாதை, வான்ரேஜ் என்னும் சிற்றூரின் அருகாகவும் செல்கிறது. 1883இல் அவ்வூரிலிருந்த புனித மரியாள் கன்னியர் மடத்துக்குப் பண்டித ரமாபாய் என்னும் இந்திய விதவை வந்து சேர்ந்தார்.

1858இல் மராத்திப் பிராமணக் குடும்பத்திற் பிறந்த ரமாபாய், தந்தையிடமும் தாயிடமும் சமஸ்கிருதம் கற்றவர். பஞ்சத்திலே பெற்றோரை இழந்து, தமையனோடு நாடெங்கும் கால்நடையாய் அலைந்தவர். கல்கத்தாவிலே அவரது புலமையைப் போற்றிப் ‘பண்டித’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டமளித்தார்கள். 1880இல் வேறு சாதியினரை மணந்து, 1882இல் கணவரையும் இழந்தார். மறு ஆண்டு குழந்தை மனோரமாவோடு மருத்துவம் கற்கும் எண்ணத்துடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். செவிப்புலன் குன்றியமையால் அவ்வெண்ணம் கைகூடவில்லை. வான்ரேஜ் மடத்துக் கன்னியர் இடமளித்தனர். அவர் அவர்களுக்கு மராத்தி கற்பித்தார். 1883 செப்டெம்பர் 29இல் திருமுழுக்குப் பெற்றார். ஜெரால்டீன் என்ற கன்னிகை அவருக்கு ஞானத்தாயானார்.

அவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்நிய நாடு, கையிற் பணமில்லை, மடியிலே குழந்தை. உண்ணும் சோறும் உறங்கும் இடமும் பிறர் கொடுத்தவை. இந்நிலையில் உள்ள பெண்ணிடம் உலகம் எதிர்பார்ப்பது நன்றியும் கீழ்ப்படிவும் மாத்திரமே. ரமாபாய் நன்றியை முழுமையாகக் கொடுத்தார். கீழ்ப்படிவை முழுமையாகக் கொடுக்கவில்லை. மரக்கறி உணவை அவர் கைவிட மறுத்தபோது, அதனைப் பழைய சாதிப் பெருமையின் மிச்சம் என்றனர். அவர் அசையவில்லை. தாம் அணியும் சிலுவையிலே விளங்காத இலத்தீன் எழுத்து எதற்கு, சமஸ்கிருத எழுத்து ஏன் ஆகாது என்று கேட்டார். செல்ரனம் மகளிர் கல்லூரியில் அவர் இருந்த காலத்திலே, ஆண் மாணவருக்கு அவர் கற்பிப்பது தகாது என ஆயர்மார் கருத்துரைத்தபோது, தம் நாட்டில் தாம் ஆண்கள் நிறைந்த சபைகளிலே பேசியவர் என்பதை நினைவூட்டி எதிர்த்தார். மகளின் சமயக் கல்வியில் தாயாகிய தம் சொல்லே இறுதியானது என்றார். இந்தியப் புரோகிதரின் நுகத்தடியிலிருந்து கழுத்தை விடுவித்த பின், இன்னொரு நுகத்தடிக்குக் கழுத்தை நீட்டத் தாம் ஆயத்தமில்லை என்ற கருத்தை ஞானத்தாய்க்கு எழுதினார்.

உறவு முறிந்ததா? அவர்களிடையே கடுஞ்சொற்கள் சென்றன, கண்ணீரும் இருந்திருக்கும். ஆயின் கடிதங்கள் நிற்கவில்லை. பிற்காலத்தில் அக்கடிதங்களைத் தொகுத்துப் பேணி, இன்று நாம் அவற்றைப் படிக்க வழிசெய்தவர் அதே ஜெரால்டீன் அம்மையார்தாம். வரம்பு கட்டியதால் அன்பு அழியவில்லை.

ரமாபாய் தமக்கென மீட்டுக்கொண்ட வாழ்வைத் தமக்காக மட்டும் வைத்துக்கொள்ளவுமில்லை. 1889 மார்ச் 11இல் பம்பாயிலே விதவைகளுக்கென ‘சாரதா சதன்’ என்னும் இல்லத்தைத் திறந்தார். பின்னர் பூனாவுக்கு அண்மையிலுள்ள கேட்காவில் ‘முக்தி’ நிலையத்தை நிறுவினார். பஞ்சங்களிலே அநாதைகளான பெண்களும் சிறுமியருமாக, 1900ஆம் ஆண்டளவில் ஆயிரத்தைந்நூறு பேர் வரையில் அங்கே அடைக்கலம் பெற்றிருந்தனர். 1922இல் அவர் மறைந்தார். அருகிலிருந்த சிலருக்கு ‘இல்லை’ என்று கூறிய வாயே பல நூறு பேருக்கு ‘வாருங்கள்’ என்று கூறியது.

மேலைநாட்டுப் பழக்கமா?

1992இல் அமெரிக்கக் கிறிஸ்தவ உளவியலாளர்களாகிய ஹென்றி கிளவுட், ஜோன் ரவுன்சென்ட் ஆகியோர் ‘பவுண்டரிஸ்’ என்ற நூலை வெளியிட்டனர். இக்கருத்து ஆங்கிலத் திருச்சபைகளிலே பரவ அந்நூல் பெரிதும் துணைசெய்தது. அதனால் இது வெள்ளையரின் தனிமனித வாழ்க்கைமுறை, எமது கூட்டுக்குடும்பத்துக்கு ஒவ்வாதது என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்றில் ஓரளவு நியாயமும் உண்டு. சொந்த வங்கிக் கணக்கும் சொந்த அறையும் உடையவளுக்கு எழுதப்பட்ட அறிவுரை, விசாவுக்கும் வாடகைக்கும் கணவரின் குடும்பத்தை நம்பியிருப்பவளுக்கு அப்படியே பொருந்தாது.

எனினும், வரம்பு என்ற சொல்லை நாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்யவில்லை. வயலுக்கு வரம்பு கட்டுவது அயலவனைப் பகைப்பதற்கன்று, நீரைத் தேக்கிப் பயிரை வளர்ப்பதற்கே. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியை நினைவுகூருங்கள். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்து அடைத்த எம் முன்னோர், அதிலே படலையும் வைத்தார்கள். அயல்வீட்டார் வந்துபோகப் பொட்டும் விட்டார்கள். வேலியில்லாத வளவுக்குள் மாடு புகும்; படலையில்லாத வளவுக்குள் மனிதரும் புகார். இரண்டும் வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றும், தனக்கு மிஞ்சியே தானம் என்றும் எம் பாட்டிமார் கூறியதும் இதனையே.

வரம்பைச் சாக்காக்கிக் கடமையைக் கைவிடுதலும் கூடாது. கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று கூறிப் பெற்றோரைப் பேணாது விட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்ததை மாற்கு ஏழாம் அதிகாரத்திற் காணலாம். முதிய தாய்க்கு மருந்து அனுப்புவது வேறு. மைத்துனரின் மூன்றாவது மோட்டார் சைக்கிளுக்குக் கடனட்டையைத் தேய்ப்பது வேறு.

நடைமுறையில் எவ்வாறு?

கேட்டவுடன் பதிலளிக்கும் பழக்கத்தை முதலில் விடவேண்டும். ‘யோசித்து ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்’ என்பது பொய்யுமன்று, அவமரியாதையுமன்று. மாதத்துக்கு இவ்வளவே ஊருக்கு என்று ஒரு தொகையைக் கணவனும் மனைவியும் சேர்ந்து முன்கூட்டியே வகுத்துவிட்டால், ஒவ்வொரு அழைப்பும் புதிய வழக்காக மாறாது. விருந்தாளி வந்த முதல் வாரத்திலேயே எத்தனை நாள், எந்தச் செலவு யாருடையது என்று இனிமையாகப் பேசிக்கொள்ளலாம். மூன்றாம் மாதத்திற் பேசினால் அது சண்டையாகவே முடியும். பிறர் சீட்டுக்கோ கடனுக்கோ பிணை நின்று கையொப்பமிடுமுன், அப்பணம் முழுவதையும் தாமே கட்ட இயலுமா என்று கணக்குப் பார்க்கவேண்டும். பிணை என்பதன் பொருள் அதுவே.

மறுக்கும்போது நீண்ட காரணங்கள் வேண்டியதில்லை. காரணம் நீள நீள எதிர்வாதத்துக்கு இடம் பெருகும். ‘இம்முறை ஐம்பது பவுண்தான் இயலும், அண்ணா’ என்ற ஒரு வாக்கியம் போதும். அதன்பின் வரும் குற்ற உணர்வு உடனே நீங்காது. பல ஆண்டுப் பழக்கம் ஒரு மாலையில் மறையுமா? அது தவறு செய்ததற்கான சான்றன்று, புதிய பழக்கத்தின் நோவு மாத்திரமே என்று அறிந்தால் தாங்கிக்கொள்ளலாம்.

மறுப்பை மதியாதவரிடம்

இதுவரை கூறியவை, மறுத்தால் முகம் சுளித்துவிட்டுப் பின் ஏற்றுக்கொள்ளும் உறவுகளுக்கே பொருந்தும். அடிப்பவரிடமும், கடவுச்சீட்டையும் சம்பளத்தையும் பறித்து வைத்திருப்பவரிடமும் இனிய சொல்லால் வரம்பு கட்ட முடியாது. அங்கே வெளியுதவி வேண்டும். பொறுத்துப்போ என்று அறிவுரை கூறுதல் கிறிஸ்தவ அறமாகாது.

வெஸ்ட் ஈலிங்குக்கு அயலிலுள்ள சவுத்தோலில் 1979 முதல் இயங்கிவரும் ‘சவுத்தோல் பிளாக் சிஸ்ரேர்ஸ்’ அமைப்பின் வரலாறு இதற்குச் சான்று பகரும். பத்தாண்டுகள் கணவரின் கொடுமையைக் குடும்ப மானத்தின் பொருட்டுச் சகித்து, இறுதியில் 1989இல் அவரைத் தீயிட்டுக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. அவ்வமைப்பினர் நடத்திய இயக்கத்தின் பின், 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொலைத் தீர்ப்பை நீக்கியது. அவ்வாண்டிலேயே அவர் விடுதலையானார். ஒருயிர் போய், இன்னொருயிர் சிறையில் வாடிய அத்துயரம், தக்க வேளையில் அவருக்கு ஒரு வாசல் திறந்திருந்தால் நிகழாதிருக்கலாம்.

இன்று சில வாசல்கள் உண்டு. 2015இன் இறுதி முதல் இங்கிலாந்திலே, அடியின்றியே ஒருவரைத் தொடர்ந்து அடக்கி ஆளுதலும் குற்றமாகியுள்ளது. பணத்தைப் பறித்துக் கட்டுப்படுத்துதலும் வீட்டு வன்முறையே என 2021ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. வாழ்க்கைத்துணை விசாவில் வந்தவர் வன்முறையால் பிரிய நேர்ந்தால் நிரந்தர வதிவுக்கு விண்ணப்பிக்க, 1999இல் சலுகையாகவும் 2002இல் குடிவரவு விதியாகவும் வழி பிறந்தது. விசாவின் வகைக்கேற்ப உரிமை வேறுபடுமாகையால், வீட்டைவிட்டு வெளியேறுமுன் இயலுமாயின் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் நன்று. ஆபத்து நேர்ந்த கணத்தில் 999ஐ அழைக்கவேண்டும். 0808 2000 247 என்ற வீட்டு வன்முறை உதவி இலக்கம் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது.

திருச்சபையாருக்கும் ஆண்களுக்கும் ஒரு சொல்

மார்த்தாள் வேலைப் பளுவால் வருந்தி, தங்கை உதவவில்லை என முறையிட்டபோது, மரியாளை எழுப்பி அடுக்களைக்கு அனுப்பும்படி இயேசு கூறவில்லை. அமர்ந்து கேட்கும் உரிமை பெண்ணுக்கும் உண்டு என்பதை அவர் உறுதிசெய்தார். எமது சபைகளில் எத்தனை மார்த்தாள்கள் பிரசங்கம் நடக்கும் வேளையில் பின்னறையிலே தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்? குருமாரும் சபை மூப்பரும் அடுத்த ஞாயிறு ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிய பின், அடுத்த கூட்டத்தின் தேநீர்ப் பாத்திரத்தை ஆண்கள் தூக்கட்டும்.

அயலானைத் தன்னைப்போல நேசிக்கவேண்டும் என்ற கட்டளையிலே ‘தன்னைப்போல’ என்பதும் கட்டளையின் ஒரு பகுதியே. அதனை வெட்டிவிட்டு மீதியை மாத்திரம் பெண்களுக்குப் போதித்து வந்திருக்கிறோம். முழுவதையும் போதிக்கும் காலம் வந்துவிட்டது. இன்றிரவு ஊரிலிருந்து அழைப்பு வரும். முன்னறையிலிருந்தும் ஒரு கேள்வி வரும். இயன்றதற்கு மகிழ்ந்து ‘ஓம்’ என்று கூறுங்கள், சகோதரிகளே. இயலாததற்கு அமைதியாக ‘இயலாது’ என்று கூறிவிட்டு, உறங்கச் செல்லுங்கள்.